எழாத தடிப்பு

பத்தில் ஒரு பங்கு மில்லிலீட்டர். முன்கையின் உட்பக்கத் தோலுக்குள் மெல்லிய ஊசியால் ஏற்றியதும் வெளிறிய சின்னக் கொப்புளம் ஒன்று எழும்பும். சற்று நேரத்தில் அமுங்கிவிடும். ரியூபர்குலின் என்ற அந்தத் துளி பேர்லினில் பிறந்தது. வியன்னாவிலும் பிரான்சிலும் வேறொரு வேலைக்குப் பழகியது. ஃபிலடெல்ஃபியாவில் சுத்திகரிக்கப்பட்டு, கோபன்ஹேகனில் பொது அளவு பெற்று, கடைசியில் இலங்கையின் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களுக்கும் வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையின் பனிச்சங்கேணிக் களப்பில் வலை வீசும் ஒருவர் தீராத இருமலோடு மட்டக்களப்புக்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சளியும் பார்த்தாயிற்று, இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அவருடைய கையிலும் இந்தத் துளி இறங்கும்.

அவருக்கு இருப்பது காசநோயா, சார்கொய்டோசிஸா என்பதுதான் அந்தச் சந்தேகம். இரண்டும் நுரையீரலைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் நிணநீர் முடிச்சுகளைப் பெருக்கும். உடலை மெலியவைக்கும், மாலையில் காய்ச்சல் காட்டும், கண்ணையும் தோலையும் தொடும். நுணுக்குக்காட்டியின் கீழும் இரண்டிலும் தெரிவது ஒரே வகைக் கூட்டம்: எதையோ சுற்றிவளைத்து அடைத்து நிற்கும் இரத்த வெண்கலங்கள். கிரனுலோமா என்பது அதன் பெயர். காசநோயில் அந்தக் கூட்டத்தின் நடுவே கிருமி இருக்கிறது. சார்கொய்டோசிஸில் நடுவே யார் இருக்கிறார் என்று இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் அந்த நோயை நேரடியாக நிரூபிக்க ஒரு பரிசோதனையும் கிடையாது. மற்ற எல்லாரையும் விசாரித்து அனுப்பிய பிறகே அதன் பெயரைச் சொல்லலாம். காசநோய் பரவியிருக்கும் நம் மண்ணில் அந்த விசாரணையின் பழைய சாட்சி இந்தத் துளி.

அது பிறந்ததோ சாட்சியாக அல்ல, மருந்தாக. 1882 மார்ச் 24ஆம் தேதி காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டிய ரொபேர்ட் கொக், 1890இல் பேர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டுவிட்டதாகக் கோடி காட்டினார். நவம்பரில் அதை வெளிப்படையாகவே அறிவித்தார். என்ன பொருள் என்று மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் பேர்லினை நோக்கி ரயிலேறினார்கள். சாவின் விளிம்பில் நின்றவர்களும் வந்தார்கள். ஊசி போட்டதும் கடும் காய்ச்சல் எழும்பியது. பலர் மோசமானார்கள், சிலர் இறந்தார்கள். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்த ருடொல்ஃப் விர்கோ, மருந்து நோயைக் கொல்லவில்லை, சில உடல்களில் பரப்பியே விட்டிருக்கிறது என்று காட்டினார். 1891 தொடக்கத்தில் கொக் இரகசியத்தை வெளியிட்டார். கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிளிசரினில் இறக்கிய சாறு, அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் பேர்லினுக்கு விரைந்தவர்களில் ஆர்தர் கொனன் டொயிலும் ஒருவர். அப்போது அவர் இங்கிலாந்தில் ஒரு சாதாரண வைத்தியர். ஷெர்லொக் ஹோம்ஸின் புகழ் இன்னும் பெருகவில்லை. விரிவுரை மண்டபத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே இருந்த ஓர் அமெரிக்க வைத்தியரின் குறிப்புகளை வாங்கிப் படித்தும், வார்டுகளில் நோயாளிகளைப் பார்த்தும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இது கிருமியைக் கொல்வதில்லை, எனவே தீர்வாகாது. ஆனால் உடலில் காசநோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்க இது உதவும். ஊர் முழுவதும் கொண்டாட்டத்தில் இருந்தபோது இப்படி எழுதத் துணிவு வேண்டும். அவர் சொன்ன திசையிலேயேதான் துளியின் மீதி வாழ்க்கை போனது.

1907இல் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே தோலைக் கீறி அதில் ரியூபர்குலினைத் தடவினார். அடுத்த ஆண்டு பிரான்சின் சார்ல் மாண்டூ அதைத் தோலுக்குள்ளேயே ஊசியால் ஏற்றினார். இன்றும் கிளினிக்குகளில் ‘மாண்டூ’ என்று வழங்குவது அவர் பெயர்தான். 1930களில் ஃபிலடெல்ஃபியாவில் ஃபுளோரன்ஸ் சைபேர்ட் என்ற உயிர்வேதியியலாளர் அந்தச் சாற்றிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்தெடுத்தார். சிறுவயதில் போலியோ தாக்கிய காலோடு நடந்தவர் அவர். அவர் செய்த சரக்கே பிற்பாடு சர்வதேச அளவுகோலாயிற்று. பிறகு கோபன்ஹேகனின் அரச சீரம் நிறுவனம் பெருந்தொகையாக ஒரே சரக்கைத் தயாரித்து ‘ஆர்.டி. 23’ என்று பெயரிட்டது. புரதம் கண்ணாடிக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு திரவத்தை வலுவிழக்கச் செய்வதால் அதில் ‘ட்வீன் 80’ என்ற பொருளையும் சேர்த்தார்கள். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில், வெளிச்சம் படாமல் அது இருக்க வேண்டும். வெயிலும் மின்வெட்டும் மாறிமாறி வரும் கிழக்குக் கரையில் இது சின்ன விஷயமில்லை. கெட்டுப்போன துளி யாருடைய கையிலும் தடிக்காது. அதை நோயாளியின் உடல் சொன்ன பதில் என்று எடுத்துக்கொண்டால் விசாரணை முழுவதும் பிழையாகிவிடும்.

துளி செய்யும் வேலை எளியது. முன்பு எப்போதாவது காசநோய்க் கிருமியைச் சந்தித்த உடலில் அதை நினைவு வைத்திருக்கும் வெண்கலங்கள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதே புரதத்தைத் தோலில் கண்டதும் அவை திரளும். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அந்த இடம் தடித்து இறுகும். சிவப்பை அளப்பதில்லை, விரலால் தடவி, இறுகிய தடிப்பின் குறுக்களவை மட்டும் எடுக்க வேண்டும். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக ‘ஆம்’.

‘ஆம்’ என்றால் என்ன அர்த்தம் என்பதில்தான் நம் மண்ணின் சிக்கல் தொடங்குகிறது. கிருமியைச் சந்தித்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் சிலரின் கையைத் தடிக்கவைக்கும். மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக்காரக் கிருமிகளும் குழப்பும். 1968இல் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வில் இலட்சக்கணக்கானோரின் கையில் ரியூபர்குலின் இறங்கியபோது இந்த உறவுக்காரக் கிருமிகளின் செல்வாக்கு எவ்வளவு பரவலானது என்று தெளிவாகத் தெரிந்தது. எனவே தடித்த கை ஒருவருக்கு இப்போது காசநோய் இருக்கிறது என்று நிரூபிப்பதில்லை. தடிக்காத கையோ, பலருக்கும் தடிக்கும் ஓர் ஊரில், வைத்தியரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

சார்கொய்டோசிஸ் உள்ளவர்களில் பெரும்பாலானோரின் கை தடிப்பதில்லை. முன்பு தடித்த கைகூட நோய் வந்தபின் வெறுமையாகிவிடும். காரணம் வெண்கலங்கள் போன இடம். பாலத்துக்கு அப்பால் இறால் பட்டதென்று ஊர்த் தோணிகளெல்லாம் ஒரே பக்கம் திரண்டுவிட்டால் மறு கரையில் வலை இழுக்க ஆள் இருக்காது. அப்படித்தான் நினைவுள்ள வெண்கலங்கள் நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் குவிந்திருக்க, இரத்தத்திலும் தோலிலும் அவை குறைந்துவிடுகின்றன.

இந்த நோயின் கதை தொடக்கத்திலிருந்தே குஷ்டத்தோடும் காசத்தோடும் பின்னிக் கிடக்கிறது. தோலில் ஊதா நிறத் தடிப்புகளோடு வந்த நோயாளிகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் விவரித்தவர் இலண்டனின் ஜொனதன் ஹச்சின்சன். அதே மனிதர், கெட்ட மீனைத் தின்பதால்தான் குஷ்டம் வருகிறது என்று பிடிவாதமாக நம்பியவர். அதை நிறுவ முதுமையில் இந்தியா வரை பயணம் செய்தார். 1899இல் நோர்வேயில் இந்தத் தடிப்புகளுக்கு ‘சார்கொய்ட்’ என்று பெயர் வைத்த சீசர் பொக், குஷ்ட ஆய்வில் பெயர் பெற்ற கார்ல் வில்லெம் பொக்கின் சகோதரர் மகன். கார்ல் பார்த்த நோயும் சீசர் பார்த்த நோயும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றையொன்று ஒத்திருந்தது தற்செயலானதல்ல. அந்தக் காலத்துத் தோல் வைத்தியர்களின் கண் கிரனுலோமாக்களில் பழகியிருந்தது.

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அருகே ஹெந்தலையில் அமைத்த குஷ்ட வைத்தியசாலைக்குப் பின், பிரித்தானியர் காலத்தில் கிழக்கின் குஷ்ட நோயாளிகளை ஒதுக்கி வைத்த தீவு அது. இன்றும் இலங்கையில் குஷ்டம் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. ஆகவே இங்கே தோலில் கிரனுலோமா கண்டால் சார்கொய்டோசிஸ் என்று சொல்லும் முன் ஒரு கேள்வி தவறாமல் எழ வேண்டும்: அந்தத் தடிப்பில் உணர்வு இருக்கிறதா? குஷ்டத்தின் கிரனுலோமா நரம்பைத் தேடிப் போகும். தடிப்பில் பஞ்சு பட்டால் தெரியாது, முழங்கையின் பின்னால் நரம்பு கயிறாய்த் தடித்திருக்கும். சார்கொய்டோசிஸின் தோல் தடிப்பில் உணர்வு பொதுவாக மாறுவதில்லை. ஒரு துண்டுப் பஞ்சும் பொறுமையும் போதும் இதற்கு. தோலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அருகிவருவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

போரைக் கண்ட ஊர்களில் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சார்கொய்டோசிஸ் பழைய தழும்புகளில் குடியேறும். ஆண்டுக்கணக்காக அடங்கிக் கிடந்த தழும்பு திடீரென்று சிவந்து தடிக்கும். பனிச்சங்கேணி இருக்கும் வாகரைப் பக்கத்தில் எறிகணைத் துண்டு பட்ட தழும்பு இல்லாத வீடு குறைவு. உள்ளே மாட்டிக்கொண்ட மண்ணும் உலோகத் துகளும் தாமாகவே கிரனுலோமாவை உண்டாக்கக்கூடியவை. தழும்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கைத் துருவமாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்த்தால் சில வேளை அந்தத் துகள் மின்னும். ஆனால் துகள் கிடைத்தது என்பதற்காக சார்கொய்டோசிஸ் இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே தழும்பில் இருந்திருக்கின்றன. இது இந்த நோயின் தொல்லை பிடித்த குணங்களில் ஒன்று.

ரியூபர்குலினுக்கு ஓர் உடன்பிறப்பும் இருந்தது. 1941இல் நோர்வேயின் அன்ஸ்கார் க்வைம், சார்கொய்டோசிஸ் நோயாளியின் நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்த பொருளை வேறு நோயாளிகளின் தோலுக்குள் ஏற்றினார். வாரக்கணக்கில் அங்கே ஒரு முடிச்சு எழும்பியது. அறுத்துப் பார்த்தால் அதுவும் கிரனுலோமாதான். நியூயோர்க்கின் லூயிஸ் சில்ட்ஸ்பாக் மண்ணீரலிலிருந்து அதைத் தயாரித்துப் பரப்பினார். காசத்துக்கு எழும்பாத கை க்வைமுக்கு எழும்பும் என்ற பொருத்தம் பல ஆண்டுகள் வைத்தியர்களுக்கு உதவியது. ஆனால் ஒரு மனிதரின் உறுப்பிலிருந்து இன்னொருவருக்குத் தொற்று போய்விடும் என்ற அச்சம் வளர்ந்தது. ஒரு தயாரிப்பு மற்றொன்றுபோல் வேலை செய்யவுமில்லை. அது வழக்கொழிந்துவிட்டது. சார்கொய்டோசிஸுக்கு ‘ஆம்’ சொல்லும் ஒரே சாட்சி போய்விட, ‘இல்லை’ சொல்லும் பழைய துளியே மிஞ்சியது.

இந்தியாவில் நீண்ட காலம் சார்கொய்டோசிஸே இல்லை என்று நம்பினார்கள். நெஞ்சில் முடிச்சு என்றால் காசம்தான் என்று எழுதிவிட்டால் வேறொன்று எப்படித் தெரியும்? 1957இல் சென்னையின் வைத்தியர் ஆர்.வி. ராஜமும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியது அங்கே வெளிவந்த முதற் பதிவுகளில் ஒன்று. பின்னர் கல்கத்தாவிலும் டில்லியிலும் தேடத் தொடங்கியவர்களுக்கு நோயாளிகள் வரிசையாகக் கிடைத்தார்கள். தேடியவர்களில் பலர் முதலில் கையைத்தான் பார்த்தார்கள்: காசம் மலிந்த ஊரில், நெஞ்சில் இருபுறமும் முடிச்சு பெருத்த ஒருவரின் கை ஏன் வெறுமையாக இருக்கிறது?

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். இரண்டும் தொடக்கத்தில் சரிபோலவே தெரியும் என்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது. சார்கொய்டோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் மருந்து 6 மாதம் கொடுத்தால் அவர் குணமாகவும் கூடும். நெஞ்சு முடிச்சுகள் மட்டும் பெருத்திருக்கும் கட்டத்தில் அந்த நோய் பெரும்பாலானோருக்குத் தானாகவே அடங்கிவிடும். வைத்தியர் மருந்து வேலை செய்தது என்று எழுதிக்கொள்வார். பிழையான பெயர் கோப்பில் உறுதியாகிவிடும். அடங்காதவர்களுக்கோ ஆறு மாதமும் வீண். நுரையீரல் தழும்பேறும், மாத்திரை ஈரலை வாட்டும். அந்த மாத்திரைகளில் ஒன்றான எதம்பியூட்டோல் பார்வையைத் தொடும் மருந்து. கண்ணைத் தாக்கும் சார்கொய்டோசிஸோடு அதைக் கொடுத்துவிட்டு, பார்வை மங்கியது எதனால் என்று பிறகு யார் சொல்வது?

மறுபக்கம் இன்னும் கொடியது. காசநோய் உள்ளவருக்கு சார்கொய்டோசிஸ் என்று நினைத்து பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோய்ட் மருந்தைக் கொடுத்தால் முதல் வாரங்களில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், ஆள் தெளிவார். வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் கிருமியைச் சுற்றிவளைத்து நின்ற வெண்கலங்களை மருந்து முடக்கிவிட, அடைபட்டிருந்த கிருமி சுவரை உடைத்து உடலெங்கும் போகும். அதனால்தான் ஸ்டீரோய்ட் மாத்திரையின் முதல் வில்லையை விழுங்கும் முன் காசத்தை விசாரித்து முடித்திருக்க வேண்டும். இலங்கையில் ஆண்டுக்கு 8,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் என்று பதிவாகிறது. சார்கொய்டோசிஸ் அதனோடு ஒப்பிட அபூர்வம். சந்தேகம் முதலில் காசத்தின் மீதே விழுவது நியாயம்தான். அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

பனிச்சங்கேணியிலிருந்து இதைப் பார்த்தால் வேறொன்று தெரியும். திருகோணமலை வீதியில் வாழைச்சேனை, மாங்கேணி தாண்டி வரும் அந்த ஊரிலிருந்து மட்டக்களப்பு நகரம் 50 கிலோமீட்டருக்கு மேல். துளியைப் போட ஒரு நாள், தடிப்பை அளக்க மூன்றாம் நாள் இன்னொரு பயணம். வலைக்குப் போகாத இரண்டு நாள் என்பது வீட்டுக்கு வருமானமில்லாத இரண்டு நாள். இரண்டாம் பயணம் தவறினால் முதலாவதும் வீண். வீட்டில் யாராவது பார்த்து, ‘சிவந்திருந்தது, பிறகு மாறிட்டு’ என்று சொன்னால் அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. வாகரை வைத்தியசாலையிலோ அருகிலுள்ள ஊரிலோ அளக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த இரண்டாம் பயணத்தை மிச்சப்படுத்தலாம். அளக்கத் தேவை ஒரு பேனாவும் ஒளிபுகும் அளவுகோலும் பயிற்சி பெற்ற விரலும்தான்.

வெறுமையான கையை மட்டும் நம்பவும் கூடாது. உடலெங்கும் பரவிய காசநோயில் பலரின் கை வெறுமையாகவே இருக்கும். எச்.ஐ.வி. தொற்றிலும், போஷாக்குக் குறைவிலும், சின்னமுத்து வந்து போன சில வாரங்களிலும் அப்படித்தான். 2004இன் ஆழிப்பேரலையும் 2006 கடைசியிலிருந்து 2007 வரையிலான இடப்பெயர்வும் வாகரைக் கரையோரத்தை எலும்பும் தோலுமாக்கிய காலங்களில் வெறுமையான ஒரு கைக்கு நூறு காரணம் இருந்திருக்கும். எனவே துளியோடு வேறு சாட்சிகளையும் கூப்பிட வேண்டும். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட், வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் கிருமி வளர்ப்பு, இரத்தத்தில் கல்சியம். சார்கொய்டோசிஸின் கிரனுலோமா தானே விட்டமின் டி-யை வீரியமாக்கி கல்சியத்தை ஏற்றிவிடும். நாள் முழுதும் வெயிலில் தோணியில் நிற்பவருக்கு அது இன்னும் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சலம், சிறுநீரகக் கல் என்று வரும் மீனவரிடம் நெஞ்சையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. வயலில் மழைக்காலத்தில் இறங்குகிறவர் என்றால் மெலியோய்டோசிஸையும் நினைக்க வேண்டும். 1927லேயே இலங்கையில் பதிவான, சேற்றிலிருந்து வரும் கிருமி அது. காசநோயின் வேடத்தை அச்சாகப் போடும்.

கடைசியில் பெரும்பாலும் பயொப்ஸி வரை போக வேண்டிவரும். அப்போது எடுக்கும் திசுத் துணுக்கு இரண்டு குப்பிகளில் போக வேண்டும். ஒன்றில் ஃபோர்மலின்; அது நுணுக்குக்காட்டிக்கு. மற்றதில் சுத்தமான உப்பு நீர்; அது கிருமி வளர்க்க. எல்லாவற்றையும் ஃபோர்மலினில் போட்டுவிட்டால் கிருமி அங்கேயே செத்துவிடும். பிறகு எந்த ஆய்வுகூடத்தாலும் அதை வளர்க்க முடியாது. நடுவில் பாற்கட்டிபோல் அழுகிய கிரனுலோமா என்றால் காசத்தின் பக்கம் சாயலாம். அழுகாதது என்றால் சார்கொய்டோசிஸின் பக்கம். ஆனால் அழுகாத காசமும் உண்டு. அந்த இரண்டாவது குப்பி அதற்காகத்தான்.

துளிக்கு இப்போது வாரிசுகள் வந்துவிட்டன. பி.சி.ஜி.யில் இல்லாத, காசநோய்க் கிருமியில் உள்ள இரண்டு புரதங்களைக் கொண்டு செய்த புதிய தோல் ஊசிகளை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதே புரதங்களை இரத்தத்தோடு குப்பியில் கலந்து பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அதில் சார்கொய்டோசிஸ் நோயாளியின் தோல் மறந்ததை இரத்தம் நினைவுகூரக்கூடும். அப்படி ‘ஆம்’ வந்தால் அது பழைய தொற்றாகவும் இருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீரோய்ட் தொடங்கும் முன் அதை அறிந்திருப்பது அவருடைய உயிரைக் காக்கும்.

பழைய துளியும் ஓய்வு பெற்றுவிடவில்லை. சார்கொய்டோசிஸ் என்று பெயரிட்டு மருந்து தொடங்கிய ஒருவருக்கு ஆண்டுகள் கழித்துக் காசநோய் தொற்றினால், வெறுமையாக இருந்த அதே கை தடிக்கத் தொடங்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்க முதல் அளவு வேண்டும். கிளினிக் கொப்பியில் ‘நெகட்டிவ்’ என்று ஒரு சொல்லை எழுதி மூடிவிடாமல், தேதியோடு, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றுமே எழும்பவில்லை என்றால் 0 என்று.